பாதி ரயிலடி, பாதி மந்திரத் திரை: ‘மிஸ் மார்வல்’ ஐந்தாம் எபிசோடில் நம்மவர்கள் ஏன் ஒத்துப்போகவில்லை

2022 ஜூலை 6, புதன்கிழமை மதியம் 3 மணிக்கு ‘மிஸ் மார்வல்’ தொடரின் ஐந்தாவது எபிசோட் மலேசியாவில் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரில் வந்தது. அன்று இரவுக்குள் பினாங்கில் எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் இரண்டு கட்சி உருவாகிவிட்டது. மார்வல் படம் ஒன்றுகூட விடாமல் பார்க்கிற இளவட்டம் தலையில் கை வைத்துக்கொண்டது. கதை நகரவே இல்லை, வில்லி ஒரே பேச்சில் மனம் மாறிவிட்டாள், காலப் பயணத்துக்கு ஒரு கணக்கு வழக்கே இல்லை என்று அவர்கள் பொரிந்து தள்ளினார்கள். சூப்பர் ஹீரோ என்றாலே பிள்ளைகளின் விவகாரம் என்று ஒதுங்கியிருந்த அத்தைகளும் சித்திகளும் அதே வீட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இத்தனை வாரம் ஓடியதில் இதுதான் பார்க்கும்படி இருந்தது என்றார்கள்.

இரண்டு தரப்பும் சொன்னது சரி என்பதுதான் என் கட்சி. சமாதானத்துக்காக இதைச் சொல்லவில்லை. சுமார் 40 நிமிடம் ஓடும் அந்த எபிசோடுக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, 1947ஆம் ஆண்டு நடக்கும் ஒரு குடும்பக் கதை. மற்றொன்று, ஆறே வாரத் தொடர் ஒன்றை முடிவை நோக்கித் தள்ளிவிடும் வேலை. முதலாவது அருமையாக அமைந்துவிட்டது. இரண்டாவது அவசரத்தில் கெட்டுப்போனது. யார் எதை எதிர்பார்த்து உட்கார்ந்தார்களோ அவர்கள் அதைப் பற்றித்தான் பேசினார்கள்.

பார்க்காதவர்களுக்கும் மறந்துபோனவர்களுக்கும் கதையைச் சொல்லிவிடுகிறேன். கமாலா கான், அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் வளரும் பாகிஸ்தானிய வம்சாவளிப் பெண். நடித்தவர் இமான் வெல்லானி. கொள்ளுப்பாட்டி ஆயிஷாவின் பழைய காப்பு ஒன்று அவள் கைக்கு வந்ததும் ஒளியைக் கட்டியாக்கும் சக்தி பிறக்கிறது. நான்காவது எபிசோடில் பாட்டி சனாவைத் தேடிக் கராச்சிக்குப் போகிறாள். அங்கே நடக்கும் சண்டையில், ஆயிஷாவைப் போலவே வேறு உலகத்திலிருந்து வந்த வில்லி நஜ்மாவின் ஆயுதம் காப்பில் பட, கமாலா 1947க்குள், ஒரு ரயில் நிலையக் கூட்டத்துக்கு நடுவில், போய் விழுகிறாள். ஐந்தாவது எபிசோட் அங்கிருந்து தொடராமல் இன்னும் பின்னால் போகிறது. செய்திச்சுருள் பாணியில் இந்தியா-பாகிஸ்தான் பிரிவினையைச் சொல்லிவிட்டு 1942க்குத் தாவுகிறது. ஆங்கிலேயச் சிப்பாய்களிடமிருந்து தப்பி ஓடும் ஆயிஷா, ஹசன் என்பவருடைய ரோஜாத் தோட்டத்தில் வந்து ஒதுங்குகிறாள். ஹசன் விடுதலைக்காக மேடை ஏறிப் பேசுகிறவர். இருவரும் சேர்ந்து வாழ்கிறார்கள், சனா பிறக்கிறாள். 1947இல் நஜ்மா தேடி வந்துவிடுகிறாள். குடும்பம் கராச்சி ரயிலைப் பிடிக்க ஓடுகிறது.

ஆயிஷாவாக மெஹ்விஷ் ஹயாத், ஹசனாக ஃபவாத் கான். இரண்டு பேருமே பாகிஸ்தானில் பெரிய நட்சத்திரங்கள். நான்காவது, ஐந்தாவது எபிசோடுகளை இயக்கியவர் கராச்சிக்காரரான ஷர்மீன் ஒபைத் சினாய். ஆவணப் படங்களுக்காக இரண்டு முறை ஆஸ்கர் வாங்கியவர். அந்த ஆவணப்படக் கண் ரயிலடிக் காட்சியில் நன்றாகத் தெரிகிறது. சூப்பர் ஹீரோ கதைகளில் கூட்டம் என்றால் கத்திக்கொண்டு ஓடுகிற பின்னணி, அவ்வளவுதான். இங்கே கமாலா கூட்டத்தின் ஊடே நடக்க நடக்க ஒவ்வொரு குடும்பமாகக் கண்ணில் படுகிறது. போகலாமா வேண்டாமா என்ற தவிப்பும், விட்டுப் பிரிகிறவர்களின் பேச்சும் துண்டு துண்டாகக் காதில் விழுகின்றன. எந்தப் பேச்சும் முழுதாக முடிவதில்லை, அவள் அடுத்தவர்களிடம் போய்விடுகிறாள். ரயில் கூரை மேலும் ஆட்கள். நெரிசலில் ஹசனின் கையிலிருந்து சனா நழுவிப் போகிறாள்.

அடிபட்டுக் கிடக்கும் ஆயிஷாவை கமாலா கண்டுபிடிக்கிறாள். தன் கொள்ளுப்பேத்திதான் எதிரே நிற்கிறாள் என்று ஆயிஷாவுக்குப் புரிகிறது. குழந்தையை அப்பாவிடம் சேர்த்துவிடச் சொல்லிவிட்டு இறந்துபோகிறாள். இந்தக் குடும்பத்தில் ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்தது: பிரிவினை இரவில் தொலைந்துபோன சின்ன சனாவை நட்சத்திரங்கள் வரிசையாக நின்று அப்பாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தன என்று. அது ஆயிஷாவின் வேலையாக இருக்கும் என்றுதான் நாம் அதுவரை நினைத்திருப்போம். கமாலாவின் ஒளி சிதறித் துகள்களாகி, அந்த வழியே தத்தித் தத்திப் போய் குழந்தை ஹசனிடம் சேரும்போதுதான், அந்த நட்சத்திரங்கள் கமாலாவே என்று தெரிகிறது. ரயில் கிளம்புகிறது. என்னைப் பொறுத்தவரை மார்வலின் தொலைக்காட்சித் தொடர்களில் இவ்வளவு நேர்மையாக மனதைத் தொட்ட இடம் வேறில்லை.

இதற்கு அப்புறம் நடப்பதில்தான் சண்டை. கமாலா கராச்சிக்குத் திரும்புகிறாள். இரண்டு உலகங்களுக்கும் நடுவில் உள்ள ஒளித்திரை திறந்துகொண்டு, தொட்டவர்களைப் பொசுக்குகிறது. கம்ரானை, அதாவது நஜ்மாவின் மகனை, கமாலா நினைவுபடுத்துகிறாள். நஜ்மா மகன் பெயரைச் சொல்லித் தன்னையே கொடுத்துத் திரையை மூடுகிறாள். அவளுடைய சக்தி எங்கோ ஜெர்சி சிட்டியில் இருக்கும் கம்ரானுக்குப் போகிறது. இதெல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது.

முதலில் காலக் கணக்கை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இளவட்டம் அதிகம் சத்தம் போட்டது இதில்தான். சனா பிழைத்ததால் கமாலாவின் அம்மா முனீபா பிறந்தாள், முனீபா பிறந்ததால் கமாலா வந்தாள். ஆனால் சனாவைப் பிழைக்கவைத்ததே கமாலா. அப்படியானால் முதல் முடிச்சு எங்கே? 2019இல் வந்த ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ படத்தில், கடந்த காலத்துக்குப் போய் எதை மாற்றினாலும் நம்முடைய நிகழ்காலம் மாறாது, வேறொரு கிளைதான் பிரியும் என்று விதி போட்டார்கள். 2021இல் வந்த ‘லோக்கி’ தொடர், அந்தக் கிளைகளை வெட்டுவதற்கென்றே ஓர் அலுவலகத்தைக் காட்டியது. இதையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் ஒருவருக்கு, கமாலாவின் பயணம் எந்த விதிக்குள்ளும் அடங்காமல் நிற்பது உறுத்தத்தான் செய்யும்.

நான் இந்தக் குறையைப் பாதிதான் ஒப்புக்கொள்வேன். நடந்தது எதையும் கமாலா மாற்றவில்லை. நட்சத்திர வழி என்ற கதை அவள் பிறக்கும் முன்பே வீட்டில் இருந்தது, அவள் போய் அதை நடத்திவைத்தாள். வட்டம் மூடிய வட்டமாகவே இருக்கிறது, அதற்கான அடையாளத்தையும் முன்கூட்டியே கதையில் வைத்துவிட்டார்கள். ஆனால் காப்பு ஏன் அந்த நேரத்தில், அந்த இடத்துக்கு அவளை இழுத்தது, ஏன் வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பியது என்பதற்குப் பதில் இல்லை. கொள்ளுப்பாட்டி கூப்பிட்டாள், பேத்தி வந்தாள் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். விதி கேட்டவர்களுக்கு அது போதாது என்பது நியாயமே.

நஜ்மா விஷயத்தில் நான் முழுக்க இளவட்டத்தின் பக்கம். நஜ்மாவின் கூட்டம் தன் உண்மை முகத்தைக் காட்டியதே மூன்றாவது எபிசோட் கல்யாண வீட்டில்தான். நான்காவதில் சிறையிலிருந்து தப்பும்போது, பெற்ற மகனையே வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போகிறாள். அடுத்த எபிசோடிலேயே அந்த மகனுக்காக உயிரைக் கொடுக்கிறாள். இடையில் அவள் தனியாக உட்கார்ந்து யோசிக்கும் காட்சி ஒன்றுகூட இல்லை. அப்படியொரு காட்சி இரண்டு நிமிடம் இருந்திருந்தாலும் அந்த மரணம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

இதற்குக் காரணம் எழுதியவர்களின் திறமைக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. தலைமை எழுத்தாளர் பிஷா கே. அலி முதல் மூன்று எபிசோடுகளில் வீட்டுப் பேச்சையும் பள்ளிக்கூடத் தோழமையையும் எவ்வளவு நிதானமாகக் கட்டினார் என்று பார்த்தோம். சிக்கல் ஆறு எபிசோட் என்ற அளவில் இருக்கிறது. மார்வல் அந்த ஆண்டுகளில் கொடுத்த தொடர்களில் பல ஆறோடு முடிந்தவை. ஒரு பெரிய படத்தின் கதையை ஆறு துண்டாக வெட்டியது போன்ற அமைப்பு அது. இந்த ஆறுக்குள் ஜெர்சி சிட்டிக் குடும்பமும் பள்ளிவாசலும், அமெரிக்க அரசின் சேதக் கட்டுப்பாட்டுத் துறையும், வேறு உலகத்துக் கூட்டமும், கராச்சியின் ரெட் டேகர்ஸ் என்ற காவல் குழுவும், பிரிவினையும் அடங்க வேண்டும். எதையாவது நசுக்கித்தான் ஆகவேண்டும். நசுங்கியது வில்லி. மொத்தம் எட்டோ ஒன்பதோ எபிசோட் கிடைத்திருந்தால் ஐந்தாவதை முழுக்க முழுக்க 1942 முதல் 1947 வரை வைத்துவிட்டு, கராச்சிக் கணக்கை ஆறாவதில் தீர்த்திருக்கலாம்.

பார்க்கும் முறையும் அபிப்பிராயத்தை மாற்றுகிறது. நாம் வாரத்துக்கு ஒன்றாக, கைப்பேசியிலும் தொலைக்காட்சியிலும் பார்த்தோம். நான்காவது எபிசோட் கமாலாவை ரயில் கூரை மேல் நிறுத்திவிட்டுப் போனது. ஒரு வாரம் முழுக்க அவள் அங்கே என்ன செய்யப்போகிறாள் என்று பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு, திரும்பி வந்ததும் அவளைக் காட்டாமல் 1942இன் ரோஜாத் தோட்டத்தைக் காட்டினால் பொறுமை போகும். பாகிஸ்தானில் அப்போது டிஸ்னி பிளஸ் சேவை கிடையாது. அதனால் அங்கே தொடரை இரண்டிரண்டு எபிசோடாகத் திரையரங்குகளில் வெளியிட்டார்கள். ஐந்தும் ஆறும் சேர்ந்து ஜூலை 14 அன்று வந்தன. பெரிய திரையில், ஊரோடு உட்கார்ந்து, முடிவையும் அதே மூச்சில் பார்த்தவர்களுக்கு ஐந்தாவதின் வேகக் குறைவு அவ்வளவாகத் தெரிய வாய்ப்பில்லை. ஒரே எபிசோட்தான், ஆனால் அதன் கனம் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருந்திருக்காது.

பினாங்கில் மூன்றாவதாக ஒரு குரலும் இருந்தது. அதை மற்ற ஊர்களில் இந்த அளவுக்குக் கேட்டிருக்க மாட்டார்கள். ஜார்ஜ் டவுனில் தமிழ் முஸ்லிம்கள் இரு நூற்றாண்டுக்கும் மேலாக வேரூன்றியவர்கள். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801இல் எழுந்தது. சூலியா தெருவில் நாகூர் தர்கா இருக்கிறது. இவர்களில் பலருக்குத் தொடரின் முதல் பாதி மிகவும் பிடித்திருந்தது. பள்ளிவாசலைச் சந்தேகத்தோடு காட்டாமல், செருப்பு காணாமல் போகிற, பெண்கள் பகுதியைப் பழுதுபார்க்க வேண்டியிருக்கிற, நிர்வாகத் தேர்தல் நடக்கிற சாதாரண இடமாகக் காட்டியது. தொழுகைக்குப் போய் வரும் எவருக்கும் பழக்கமான காட்சிகள் அவை. பெருநாளும் கல்யாணமும் நம் வீட்டைப் போலவே இருந்தன.

ஆனால் கமாலாவின் சக்திக்கு மூலம் ஜின், அதாவது கண்ணுக்குத் தெரியாமல் வாழ்வதாக முஸ்லிம்கள் நம்பும் இனம், என்று சொன்னது அவர்களில் பலருக்கு ஒப்பவில்லை. ஒரு முஸ்லிம் பெண் முதன்முதலாக மார்வல் தொடர் ஒன்றின் நாயகியாகிறாள், அவளுக்கும் கடைசியில் ஜின் கதைதானா என்ற ஆதங்கம் அது. காமிக்ஸில் அப்படிக் கிடையாது. 2013இல் அறிமுகமாகி 2014இல் தனி இதழ் பெற்ற கமாலாவுக்கு, அங்கே உடலை நீட்டவும் பெருக்கவும் முடியும், காரணமும் வேறு. நான்காவது எபிசோடில் ஃபர்ஹான் அக்தர் நடித்த வலீத் இதைச் சமாளிக்கப் பார்க்கிறார். இவர்கள் மதநூல் சொல்லும் ஜின்கள் இல்லை, வேற்றுலக வீரன் தோர் இமயமலையில் வந்து இறங்கியிருந்தால் அவரையும் ஜின் என்றுதான் சொல்லியிருப்பார்கள் என்கிறார். நல்ல விளக்கம்தான், வந்தது தாமதம். ஐந்தாவது எபிசோட் ஆயிஷாவை மனைவியாகவும் தாயாகவும் காட்டியபோது, இந்தக் குரலின் கோபம் ஓரளவு தணிந்தது என்று என்னோடு பேசியவர்களை வைத்துச் சொல்வேன்.

எனக்கு இந்த எபிசோடில் உள்ள பெரிய குறை இவற்றில் எதுவும் இல்லை. அதை அவ்வளவாக யாரும் பேசவில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பிரிவினையின் போது ஒன்றேகால் கோடி முதல் ஒன்றரைக் கோடிப் பேர் வரை வீடு வாசலை விட்டுப் பெயர்ந்தார்கள். இறந்தவர்கள் எண்ணிக்கையை 2 லட்சம் என்பவர்களும் உண்டு, 20 லட்சம் என்பவர்களும் உண்டு. எல்லையை வரைந்த சிரில் ராட்கிளிஃப் அதற்கு முன் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. 1947 ஜூலை 8 அன்று வந்து இறங்கியவருக்குக் கிடைத்தது ஐந்து வாரம். விடுதலை கிடைத்து இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 17 அன்றுதான் எல்லை எங்கே போகிறது என்று மக்களுக்கே தெரிந்தது. பஞ்சாபில் ரயில்கள் பிணங்களோடு வந்து நின்றன. கொன்றவர்கள் வேற்றுலகத்திலிருந்து வரவில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள், தெரிந்த முகங்கள்.

இந்த எபிசோடில் நாம் அருகே நின்று பார்க்கும் பெரிய கொலை ஆயிஷாவுடையது. அவளைக் குத்தியது நஜ்மா. அதாவது பிரிவினை பற்றிய கதையில், நம் மனதில் நிற்கிற ஒரு சாவை, மந்திர உலகத்து ஆளின் கணக்கில் எழுதிவிட்டார்கள். குழந்தைகளும் பார்க்கும் தொடரில் ரத்தம் காட்ட முடியாது, அது புரிகிறது. ஆனால் மனிதர்கள் மனிதர்களுக்குச் செய்ததை இப்படி வேறொருவர் தலையில் இறக்கிவைத்தது எனக்குச் சரியாகப் படவில்லை. நான்காவது எபிசோடில் பாட்டி சனா கமாலாவிடம் பேசும் இடம் இதைவிட நேரானது. தன் கடவுச்சீட்டு பாகிஸ்தானுடையது, வேர் இந்தியாவில், இரண்டுக்கும் நடுவே ரத்தத்தால் போட்ட எல்லை என்கிறாள். ஆங்கிலேயக் கிழவர்கள் சிலரின் யோசனையை வைத்து நம்மை நாம் யார் என்று தீர்மானித்துக்கொள்கிறோம் என்கிறாள். சண்டையும் இல்லை, ஒளியும் இல்லை. மொட்டை மாடியில் பேசுவது போல ஒரு பேச்சு. எல்லாம் அதில் இருக்கிறது.

சரி, இவ்வளவு குறை இருந்தும் பெரியவர்கள் ஏன் அழுதார்கள்? அதுவும் பினாங்குத் தமிழர்கள்? கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இருக்கும் பஞ்சாபிக் குடும்பங்கள் சிலவற்றுக்கு 1947 நேரடி வலி. சொந்த ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. துணி வியாபாரத்துக்கு வந்த பாகிஸ்தானியக் குடும்பங்களுக்கும் அப்படித்தான். நமக்கு அப்படி இல்லை. நம்மில் பெரும்பாலோரின் முன்னோர் தஞ்சாவூர், திருச்சி, சேலம், வடஆற்காடு பக்கமிருந்து கப்பல் ஏறி வந்தவர்கள். 1947இல் அவர்களுடைய ஊர் எந்தப் பக்கமும் போகவில்லை. பிரிவினையை நாம் தெரிந்துகொண்டது பள்ளிப் பாடத்திலும் இந்திப் படங்களிலும்தான்.

எங்கள் உறவில் ஒரு பெரியத்தை, எண்பதை நெருங்கியவர், பட்டர்வொர்த்தில் இருக்கிறார். கெடாவில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். பிள்ளைகள் போட்ட எபிசோடை அவரும் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். காப்பு பற்றியோ ஒளி பற்றியோ ஒரு கேள்வியும் இல்லை. சின்ன சனா கூட்டத்தில் தனியாக நின்றதும் நிப்பாட்டச் சொன்னார். அந்தப் பிள்ளை அப்பாவிடம் போய்ச் சேர்ந்துவிடுமா என்று கேட்டார். காலக் கணக்கு சரியில்லை என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த பையன்தான், சேர்ந்துவிடும் பாட்டி என்று சொல்லிவிட்டு மறுபடி ஓடவிட்டான். முடிந்த பிறகு பெரியத்தை தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். ஜப்பான்காரன் காலத்தில் தோட்ட ஆபீசுக்குக் கிராணி, அதாவது தோட்ட எழுத்தர், கூப்பிட்டு அனுப்பினாராம். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்றார்களாம். ஒரு மாற்று வேட்டியும் ஒரு தகரக் குவளையும் எடுத்துக்கொண்டு போனவர். பெரியத்தை அப்போது கைக்குழந்தை. அப்பாவின் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. அவருக்கு உயரம் என்ன, நிறம் என்ன என்பதெல்லாம் அம்மா சொல்லித்தான் தெரியும்.

சயாம் மரண ரயில் என்று நம் வீடுகளில் சொல்வது இதைத்தான். ஜப்பானியர் போட்ட ரயில் பாதை அது, தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். போர்க் கைதிகளை வைத்து வேலை வாங்கியது உலகத்துக்குத் தெரியும், அவர்களுக்குக் கல்லறைத் தோட்டங்கள் இருக்கின்றன, பெயர்கள் இருக்கின்றன. மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் 70,000க்கும் மேல், அவர்களில் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். காலரா, மலேரியா, பட்டினி, அடி என்று செத்தவர்களில் எத்தனையோ பேருக்குப் புதைத்த இடம்கூடத் தெரியாது. அவர்களும் ரயிலில்தான் போனார்கள். கெடாவிலிருந்தும் பேராக்கிலிருந்தும், எல்லை ஊரான பாடாங் பெசார் தாண்டி.

அப்புறம் இன்னொரு பிரிவு. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் கட்டாயமானது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். ஒரே லயத்து வீட்டில் ஒருவருக்கு நீல அட்டை, மற்றவருக்குச் சிவப்பு அட்டை. அண்ணன் இங்கே, தங்கை நாகப்பட்டினத்தில். ரஜூலா கப்பல் அந்தக் காலத்தில் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தது. பினாங்கு துறைமுகத்தில் கையசைத்து அனுப்பிய நினைவு இங்கே பல குடும்பங்களில் இருக்கிறது. இதற்கும் ஒரு காகிதமும் ஒரு கெடு தேதியும்தான் காரணம்.

ரயிலடிக் காட்சியைப் பார்த்தவர்கள் 1947ஐப் பார்க்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அதையும் பார்த்தார்கள், கூடவே இதையும் பார்த்தார்கள். பாட்டிக்குத் தெரிந்தது அம்மாவுக்குப் பாதி, மகளுக்கு ஒரு மந்திரக் கதையாக மட்டும் வந்து சேர்வது எந்தக் குடும்பத்துக்கும் பொருந்தும். முனீபா தன் அம்மாவோடு பேசாமல் வருடக்கணக்கில் தள்ளியே இருந்ததும், அந்த இடைவெளி கராச்சியில் கொஞ்சம் குறைவதும் அதன் இன்னொரு பக்கம். இந்த வேலையைச் செய்யும் எபிசோடில் வில்லியின் மனமாற்றத்துக்கு யாரும் மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

சூப்பர் ஹீரோ கதைக்குள் உண்மையான ரத்தச் சரித்திரத்தைக் கொண்டுவருவதை மார்வல் தொடங்கிவைக்கவில்லை. 2019 அக்டோபரில் எச்பிஓவின் ‘வாட்ச்மென்’ தொடர், 1921இல் டல்சா நகரில் கறுப்பின மக்கள் மீது நடந்த படுகொலையோடுதான் ஆரம்பித்தது. அப்படி ஒன்று நடந்ததே தெரியாது என்று அமெரிக்கர்களே நிறையப் பேர் சொன்னார்கள். அந்தத் தொடரில் கொன்றவர்கள் மனிதர்களாகவே காட்டப்பட்டார்கள். பெரியவர்களுக்கான தொடர் என்பதால் அந்த வசதி இருந்தது. மிஸ் மார்வல் பதின்ம வயதினருக்கானது. அதற்குள் இவ்வளவு தூரம் போனதே பெரிது என்று நினைக்கிறேன், மேலே சொன்ன என் குறையோடு சேர்த்தே.

மதிப்பெண்களை வைத்து இந்தச் சண்டையைத் தீர்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். முடியாது. தொடர் ஆரம்பித்த 2022 ஜூன் மாதத்திலேயே ஐஎம்டிபி தளத்தில் ஒற்றை நட்சத்திர வாக்குகள் குவிந்தன. அவை தொடரைப் பார்த்துப் போட்டவை இல்லை, நாயகி யார் என்பதைப் பார்த்துப் போட்டவை என்று அப்போதே செய்திகள் வந்தன. விமர்சகர்கள் பக்கமோ ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் தொடருக்கு 98 விழுக்காடு. ஒரு பக்கம் வெறுப்பு, மறு பக்கம் பாராட்டு என்று எண்கள் இப்படி இழுத்துக்கொண்டு நிற்கும்போது, நடுவில் உள்ள நேர்மையான பேச்சு, ரயிலடி பிடித்தது, கராச்சி பிடிக்கவில்லை என்ற பேச்சு, எந்த எண்ணிலும் விழுவதில்லை. இன்னொரு கெடுதலும் நடந்தது. குறை சொன்ன நல்ல ரசிகர்களையும் அந்த வெறுப்புக் கூட்டத்தோடு சேர்த்துப் பேசினார்கள். நஜ்மாவின் எழுத்து சரியில்லை என்று சொன்ன பிள்ளை, கமாலா சுவரொட்டியை அறையில் ஒட்டி வைத்திருப்பவன். அவனைப் போய் அந்தக் கூட்டத்தில் சேர்ப்பது அநியாயம்.

2023 நவம்பரில் ‘தி மார்வல்ஸ்’ படம் வந்தபோது இந்த எபிசோடைப் பற்றிய பேச்சு திரும்ப எழுந்தது. அந்தப் படத்தில் காப்பு ஒரு ஜோடியில் ஒன்றாகிவிட்டது. இன்னொன்று வில்லி டார்பென்னிடம். விண்வெளியில் வழிகளைத் திறக்கும் கருவிகள் அவை. காப்பு எங்கிருந்து வந்தது, என்ன செய்யும் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குக் கொஞ்சம் பதில் கிடைத்தது. கான் குடும்பமும் படத்தில் இருந்தது, கலகலப்பாக இருந்தது. ஆனால் அந்தக் காப்பைக் கையில் போட்டிருந்த ஆயிஷாவுக்கும், ரயிலடிக்கும் அதில் பெரிதாக இடமில்லை. அதைப் பார்த்த பிறகு என் வட்டத்து இளவட்டத்தில் ஒருசிலர் ஐந்தாவது எபிசோடை மறுபடி போட்டுப் பார்த்தார்கள். காலக் கணக்கு பற்றிய குறையை அவர்கள் விடவில்லை. ரோஜாத் தோட்டத்துப் பகுதி மெதுவாகப் போகிறது என்ற குறையை மட்டும் இப்போது யாரும் சொல்வதில்லை.

வீட்டில் பெரியவர்களுக்குப் போட்டுக் காட்ட நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. முழுத் தொடரையும் வரிசையாகக் காட்ட வேண்டியதில்லை. நான்காவது எபிசோடில் கமாலாவும் பாட்டி சனாவும் பேசும் இடத்தைக் காட்டுங்கள், பிறகு ஐந்தாவதை முதலிலிருந்து ரயில் கிளம்பும் வரை ஓட்டுங்கள். அங்கே நிறுத்திவிடலாம். அவர்கள் பேச ஆரம்பித்தால் கைப்பேசியில் பதிவை அமுக்கிவிட்டு, ஊர்ப் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் மறக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள். கராச்சிச் சண்டையை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.